கட்டிலுக்கடியில் கிடக்கும் மம்பட்டி

மலர் அப்பாவுக்கு,

ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறேன். ரொட்டி மூடி வைத்திருக்கிறேன். சம்பலில் மலருக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

பக்கத்து வீட்டுச் சந்திரமோகன் மம்பட்டி கேட்டு வருவார். மழை வலுப்பதற்குள், லயத்து வீடுகளுக்குப் பின்னால் தண்ணீர் ஓடக் கானை வெட்ட வேண்டுமாம். கட்டிலுக்கடியில் இருக்கிற உள்ளூர் மம்பட்டியைக் கொடுங்கள். "இந்த வெலைக்கு சைனா மம்பட்டி மூணு வாங்கலாமே" என்று அவர் நேற்றுச் சொன்னது உங்களுக்குச் சுட்டிருக்கும். அவர் போன வருடம் குடி வந்தவர். மண்சரிவில் உங்கள் தம்பி வீட்டோடு புதைந்ததும், நம் சைனா மம்பட்டி நாலாவது வெட்டிலேயே கழுத்து வளைந்ததும், நீங்கள் வெறுங்கையால் தோண்டியதும் அவருக்குத் தெரியாது.

அதற்காக என்மேல் எரிந்து விழாதீர்கள். நல்ல மம்பட்டி கட்டிலுக்கடியில் கிடந்தால் யாரைக் காப்பாற்றும்? ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்கவா அவ்வளவு விலை கொடுத்தோம்?

வெளியே போனால் சாவியை அவர் வீட்டில் கொடுங்கள்.

இன்னொன்று. அந்தச் சைனா மம்பட்டி வாங்கிய அன்றைக்குக் கடையில் "மலிவா இருக்கே, அதையே எடுங்க" என்றது நான்தான். நீங்கள் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

நேரில் சொல்ல வாய் வரவில்லை. "தம்பி உள்ள தட்டுறான், கேக்குதா?" என்று கேட்டீர்களே, கேட்கவில்லை என்றேன். மேலே மண் இன்னும் சரிந்துகொண்டிருந்தது. உங்களை வெளியே இழுக்கத்தான் அப்படிச் சொன்னேன்.

கேட்டது. நேற்று மழையிலும் கேட்டது.