கால்வாய் வளைகிற இடம்

நேற்று மத்தியானம் புது இன்ஜினியர் ஒரு பழைய படச்சுருளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். பிரித்ததும் ட்ரேசிங் துணியின் மெழுகு வாசனையும் காய்ந்த மையின் வாசனையும் சேர்ந்து எழுந்தன. பதினெட்டு வருஷத்துக்கு முன் நான் வரைந்த படம். உங்கள் தெரு. மேல் முனையில் சாயப்பட்டறைகள், கீழ் முனையில் உன் வீடு, ஓரமாக ஓடும் கால்வாய். தெரு முழுக்க ஸ்கேல் வைத்த மாதிரி நேராக வருகிற கோடு, உன் வீட்டு வாசலில் மட்டும் கொஞ்சம் வளைந்து போகிறது.

இன்ஜினியர் அந்த வளைவின்மேல் விரலை வைத்தார். "வரைஞ்சவங்களுக்குக் கை நடுங்கியிருக்குது போல. அடுத்த மாசம் கால்வாய்க்கு மூடி போடுறோம். அப்பவே லைனையும் சரி பண்ணிடலாம். புதுப் படத்துல நேரா போட்டுடுங்கம்மா" என்றார்.

எனக்குக் கை நடுங்கியதாம்! வந்த கோபத்தில் வாயைத் திறந்தேன். நீ பக்கத்தில் இருந்தால் இந்நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாயே என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. இன்னமும் எதைப் பார்த்தாலும், இதற்கு நீ என்ன சொல்வாய் என்றுதான் முதலில் ஓடுகிறது மனசு.

திண்டிவனத்திலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு வந்து உன் வீட்டுப் பின்னறைக்கு நான் குடிவந்த நாள் நினைவிருக்கிறதா? நம் இருவருக்கும் அப்போது இருபத்துமூன்று வயது. நீ தறியில் நீளவாட்டில் ஓடும் பட்டு இழைகளை, பாவை, பிணைக்கிறவள், உன் வீட்டுக்காரர் நெய்கிறவர், தவழ்கிற மகள் ஒருத்தி. நான் தெரு வேலைகளுக்குப் படம் போட்டுக்கொடுக்கும் அலுவலகத்தில் தற்காலிக வேலைக்காரி. படம் வரைவதற்கு ஒருத்திக்குச் சம்பளமா என்று தெருவே வந்து எட்டிப் பார்த்தது. நீ அன்றைக்கே எனக்கு "ஆபீஸு" என்று பெயர் வைத்துவிட்டாய்.

அந்தத் தெருவைப் பார்த்து நான் முகத்தைச் சுளித்ததும் உண்மை. தெருவின் தலைமாட்டில் கோபுரம், கால்மாட்டில் பன்றிகள். சாயப்பட்டறைகள் கொட்டுகிற தண்ணீரும் வீட்டுச் சாக்கடையும் மண்ணை அரித்துக்கொண்டு பள்ளம் பார்த்து ஓடிவந்து உன் வாசலில் குளமாக நிற்கும். ராஜா காலத்துத் தெரு என்று எல்லோரும் பெருமை பேசுவார்கள். "ஆமா, ராஜா போனதுக்கப்புறம் ஒருத்தரும் பெருக்கல" என்பாய் நீ.

காலையில் எழுந்ததும் வாசல் குளத்தின் நிறத்தைப் பார்த்து நீ ஊர்ச் சேதி சொல்வாய். "இன்னிக்கு அரக்கு ஓடுது. எங்கியோ ஒரு பொண்ணுக்கு முகூர்த்தம் வெச்சுட்டாங்க ஆபீஸு." மறுநாள் கிளிப்பச்சை. அதற்கு அடுத்த நாள் எல்லாம் கலந்து கறுப்பு. "இது நம்ப கலரு. யாரும் கேட்டு வாங்க மாட்டாங்க." சிரித்துக்கொண்டே சொன்னாலும், ஐப்பசி மழை வந்தால் அந்தக் குளம் படியேறி உள்ளே வந்து தறிக்குழியில் இறங்கும். முந்தின வருஷம் முக்கால்வாசி நெய்த புடவை ஒன்று அப்படித்தான் கறுப்புத் தண்ணீரில் போயிற்று. அதைப் பற்றி மட்டும் நீ கேலி பேசியதில்லை.

ஆகவே கால்வாய் வரப்போகிறது என்ற சேதி வந்ததும் என்னைவிட உனக்குத்தான் அவசரம். தெருவை அளந்து நீளம் சொல்லும் வேலையை, அங்கேயே குடியிருக்கிறேன் என்பதால் ஓவர்சியர் என் தலையில் கட்டினார். அளக்கிற சங்கிலியையும் அதைப் பிடிக்க ஓர் ஆளையும் கொடுத்தார். விடிகாலையில் சங்கிலியோடு தெருவில் இறங்கினால், நீளத்துக்குப் பட்டுப் பாவு கட்டியிருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் இழைகளுக்குக் கஞ்சி போட்டுப் பிரித்து விடுகிற நேரம். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து பாவின் இருபக்கமும் நிற்கிறார்கள். இரும்புச் சங்கிலியைப் பார்த்ததும் அத்தனை பேரும் "தள்ளிப் போ, தள்ளிப் போ" என்று கத்தினார்கள். நியாயம்தான். அந்தக் கொக்கி ஒரு இழையில் மாட்டினால் போதும்.

"ஒம்பது மணிக்குப் பாவைச் சுருட்டிடுவோம். அப்பறம் வந்து அளந்துக்க" என்றாய். எனக்கா வெயிலில் சங்கிலியோடு நடக்கச் சோம்பல். போதாததற்கு அன்று மாட்னி போவதாக நாம் இருவரும் பேசி வைத்திருந்தோம். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு நீயே வழி சொன்னாய். பாவுக் கயிறு கட்டுவதற்குத் தெரு ஓரத்தில் வரிசையாக அடித்திருக்கும் மரமுளைகளைக் காட்டினாய். "இதுக்கு எதுக்குமா சங்கிலி? எங்க வாசல் வரைக்கும் ஏழு முளை. முளைக்கு முளை நாப்பது முழம். எங்க மாமனார் காலத்துக் கணக்கு." ஆறு நாற்பது இருநூற்று நாற்பது முழம் என்று நான் எழுதிக்கொண்டேன். சங்கிலிக்கார ஆளை அனுப்பிவிட்டேன். மாட்னிக்குப் போனோம். பாதிப் படத்தில் கரண்ட் போனது.

புரட்டாசியில் வேலை தொடங்கிற்று. கருங்கல்லும் சிமென்டுமாகக் கால்வாய் தெருவில் இறங்கி வரவர, வீட்டுக்கு வீடு ஜனங்கள் வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். நீ கொத்தனார்களுக்கு மோர் கொடுத்தாய். ஒரு சாயங்காலம் நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது, உன் வீட்டுக்கு முந்தின வீட்டோடு கால்வாய் நின்றிருந்தது. எஸ்டிமேட்டில் சொன்ன நீளம் முடிந்ததால் வேலையும் முடிந்ததாம். தெருவின் தண்ணீர் முழுவதும் இப்போது ஒன்றாகத் திரண்டு வந்து உன் வாசலில் கொட்டியது. பெரிய வாய்க்கால் உன் வீட்டைத் தாண்டியதும் இருக்கிறது. பத்து முழம்தான் குறை. மழைக்கு ஒரு மாதம்கூட இல்லை.

நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஏழாவது முளையையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு தலையில் அடித்துக்கொண்டாய். வைகாசித் திருவிழாவில் கருட வாகனம் திரும்புவதற்காகக் கடைசி முளையைப் பிடுங்கியிருக்கிறார்கள். திரும்ப நடும்போது நீதான் உன் வீட்டுக்காரரிடம், பழைய குழியில் வேண்டாம், பத்து முழம் தள்ளி நம் வாசலிலேயே அடி என்றிருக்கிறாய். "சோறு பொங்குதான்னும் பாத்துக்கலாம், பாவையும் பாத்துக்கலாம்னு சொன்னேன்மா. கயிறை நீட்டிக் கட்டினா பாவுக்கு இன்னா தெரியப் போவுது? நீ அளக்கறப்ப அத்தச் சொல்ல மறந்தே பூட்டேனே!"

மறுநாள் ஓவர்சியர் என்னை நிற்க வைத்துக் கேட்டார்: "சங்கிலி போட்டியாம்மா, போடலியா?" போடவில்லை என்றால் வேலை போய்விடும் என்று தெரிந்தது. அந்த நேரம் பார்த்து நீ இடுப்பில் பிள்ளையோடு உள்ளே வந்தாய். யார் உனக்குச் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"சங்கிலிய நாங்கதான் சார் தெருவுல வுடல. முளையத் தள்ளி அடிச்சதும் நாங்கதான். அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்? தப்பு எங்க தெருவுது."

ஒன்பது மணிக்கு மேல் அளந்துகொள் என்று நீ சொன்னதை நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஓவர்சியர் பெருமூச்சு விட்டுவிட்டு, மீதிக்கு மறுபடி அனுமதி வாங்க வேண்டும், தை மாதம் ஆகும் என்றார். என் வேலை தப்பித்தது. உன் தறிக்குழி தப்பவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது நான் அழுதேன். "சும்மா வாமா, மூக்கச் சிந்திக்கினு. எனக்கு யோசனை ஓடுது" என்றாய்.

உன் யோசனை விடிந்தபோதுதான் தெரிந்தது. இருள் பிரியாத நேரத்தில் தெரு நடுவில் நின்று, எல்லோரும் கூப்பிடுகிற மாதிரியே குரல் கொடுத்தாய்: "பாவுக்கு ஆள் வாங்க!" வீட்டுக்கு ஓர் ஆளாகக் கொட்டாவி விட்டபடி வந்தார்கள். வந்து பார்த்தால் பாவைக் காணோம். ஏழாவது முளைக்குப் பக்கத்தில் எட்டு மண்வெட்டியும் இரண்டு கடப்பாரையும் வரிசையாகச் சாத்தியிருந்தன.

"ஏமம்மா இதி!" என்று எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மாள் கூச்சலிட்டார்.

"பாவு நாளைக்குமா. இன்னிக்குக் கால்வா. பாவுக்கு வந்தவங்க வேலை முடியாம திரும்பிப் போற வழக்கம் நம்ப தெருவுல உண்டா?"

கிடையாது. உன்னைத் திட்டிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினார்கள், முந்தானையைச் செருகினார்கள். கட்டைவிரலில் எப்போதும் மை என்பதால் என்னை ஒருநாளும் பாவின் பக்கத்தில் நீ விட்டதில்லை. "மை கையோட கிட்ட வராத ஆபீஸு" என்று துரத்துவாய். அன்று என் கையில் மண்வெட்டியைத் திணித்தாய். "மண்ணுக்கு மை ஒண்ணும் பண்ணாது. வெட்டு."

எட்டு மணிக்குள் பத்து முழமும் வெட்டி முடித்துப் பெரிய வாய்க்காலில் சேர்த்துவிட்டார்கள். ஒரே சிக்கல், நேர்வழியில் ஏழாவது முளை இருந்தது. அதைப் பிடுங்கலாம் என்று ஒருவர் சொன்னதற்கு நீ கடப்பாரையின்மேல் ஏறி நிற்காத குறை. "இன்னொரு வாட்டி அத்தத் தள்ளி நட்டு நான் படவா?" முளையைச் சுற்றிக்கொண்டு வெட்டினார்கள். அந்த ஐப்பசியில் நாம் வாசலில் உட்கார்ந்து, அரக்குத் தண்ணீர் முளையைச் சுற்றி வளைந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வேர்க்கடலை தின்றோம். தறிக்குழி காய்ந்து கிடந்தது. தையில் வந்த கொத்தனார்கள் வெட்டிய வழியிலேயே கல்லைப் பதித்துவிட்டுப் போனார்கள். நான் படத்தில் அந்த வளைவைப் போட்டேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஒரு வருஷம் குழாய். இரண்டு வருஷம் கழித்துத் தெருவிளக்கு. ஒவ்வொன்றும் வரும்போது "நல்லா அளந்தியா?" என்று தெரு முழுக்கக் கேட்க என்னிடம் கத்துவாய். எனக்குக் கல்யாணமாகி நாலு தெரு தள்ளிப் போன பிறகும் விடவில்லை.

படத்தைத் திருத்துமுன் பார்த்துவிட வேண்டும் என்று இன்று காலையில் போனேன். நீ போன பிறகு அந்தப் பக்கம் போகக் கால் வரவில்லை, இன்றுதான் போனேன். தெரு நன்றாகவே இருக்கிறது. சிமென்ட் ரோடு பாதி வரைக்கும் வந்துவிட்டது. சாயப்பட்டறை முனையில் ஒரு டீக்கடை, ரேடியோவோடு. பன்றிகளைக் காணோம். இடிந்து கிடந்த மண்டபத்தைச் சுண்ணாம்பு அடித்து வாசகசாலை ஆக்கியிருக்கிறார்கள். சாக்கடை நாற்றம் மட்டும் முழுசாகப் போகவில்லை, மூடி போட்டால் போகும். உன் வாசலில் ஏழாவது முளை உச்சி தேய்ந்து வழவழவென்று நிற்கிறது. கால்வாய் அதைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது.

உன் மகள் கையில் டிபன் டப்பாவோடு வெளியே வந்தாள். செங்கல்பட்டில் டீச்சர் ட்ரெய்னிங். ஆறு மணி பஸ். "அத்தே, நல்ல வேளை வந்தீங்க. நாளைக்கு எதிர்வீட்டுப் பாவு. நம்ப வூட்லேர்ந்து ஆள் போகல. அப்பாவுக்கு இடுப்பு வலி, நான் பஸ் புடிக்கணும். எட்டு மாசமா அம்மா நின்ன எடம் சும்மா இருக்குது. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல, எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்குது. நீங்க நிக்கிறீங்களா?"

சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மத்தியானம் படத்தை முடித்துக் கொடுத்தேன். இன்ஜினியர் பார்த்தார். "வளைவு அப்படியே இருக்குதேம்மா?"

"கை நடுங்கல சார். அங்க ஒரு பாவு முளை இருக்குது. நேரா போட்டா அதப் பிடுங்கணும். தெருவுல இன்னும் அதுலதான் பாவு கட்றாங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். பதினெட்டு வருஷமாக நிறுத்தித்தான் வைத்திருந்தேன். "முதல்ல நீளத்தைத் தப்பா கொடுத்ததே நான்தான் சார். ஒம்பது மணிக்கு மேல சங்கிலி போட்டுக்கலாம்னு தெருவுல சொன்னாங்க. நான் போடாம மாட்னிக்குப் போயிட்டேன். இன்னொருத்தி தப்பைத் தன் மேல போட்டுக்கிட்டா."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "என்ன படம்?" என்று கேட்டார்.

"பேரு மறந்துடுச்சு சார். பாதியில கரண்ட் போயிடுச்சு."

அவர் சிரித்துவிட்டார். கையெழுத்தும் போட்டார். படத்தின் ஓரத்தில் மரத்துக்கு ஒரு குறி, குழாய்க்கு ஒரு குறி, விளக்குக்கு ஒரு குறி உண்டு. முளைக்கு எந்தக் குறியும் கிடையாது. நானே ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் பாவு முளை என்று எழுதியிருக்கிறேன். உனக்குக் காட்ட முடியவில்லையே என்று இருக்கிறது.

கட்டைவிரலில் இன்றைய மை இன்னும் இருக்கிறது. புளி போட்டு ஒரு தரம் தேய்த்தேன், கொஞ்சம் போயிற்று. விடிகாலையில் இன்னொரு தரம் தேய்க்க வேண்டும். "பாவுக்கு ஆள் வாங்க" என்று குரல் வரும்போது, உன் வீட்டு ஆளாக நான் போய் நிற்கப் போகிறேன்.