வலது கிளிக், பதினொரு விநாடி

நவம்பர் 10, திங்கள்

விடியலிலிருந்து மழை. திண்டிவனத்தில் பாசஞ்சர் இருபது நிமிடம் தாமதம். விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் பள்ளியில் முதல் மணி அடித்தாயிற்று. தலைமை ஆசிரியர் சுந்தரமூர்த்தி கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. எனக்கு நான்கு வருடம் ஜூனியர். அந்த நாற்காலி எனக்கு வர வேண்டியது. இந்த நோட்டில் இதை எத்தனை தடவை எழுதியிருப்பேனோ.

லேப்டாப்பில் புதுத் தொல்லை. எதன் மீது வலது கிளிக் செய்தாலும் மெனு வருவதில்லை. வட்டம் சுற்றுகிறது. எண்ணிப் பார்த்தேன். பதினொரு விநாடி. பழக்கதோஷத்தில் ரெஃப்ரெஷ் கொடுக்கப் போனால், அதுவும் அந்த மெனுவுக்குள்தான்.

மதியம் சுற்றறிக்கை. பெயரில்லாப் புகார் மனு தொடர்பாக வியாழன் காலை 11 மணிக்கு விசாரணை. அதிகாரி நேரில் வருகிறார். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். என் கையெழுத்து கோணிக்கொண்டது. பேனா சரியில்லை என்றேன்.

மனு எழுதியது நான்.

பியூன் ஏழுமலை டீ வைத்துக்கொண்டே சொன்னது: "கம்ப்யூட்டர்ல அடிச்ச பெட்டிஷனாம் சார். எந்தக் கம்ப்யூட்டர்ல அடிச்சான்னு கூட இப்ப கண்டுபுடிச்சிடுவாங்களாம்."

டீ குடிக்க முடியவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. குடையை ரயிலில் விட்டுவிட்டேன்.

செய்து பார்த்தவை:
ரீஸ்டார்ட், மூன்று முறை. பயனில்லை.
வைரஸ் ஸ்கேன், இரண்டு மணி நேரம். ஒன்றும் இல்லை என்கிறது. நம்பவில்லை.
தேவையில்லாத ஃபைல்கள் அழிப்பு. அதே பதினொன்று. ஒரு முறை பதின்மூன்று.

அந்தப் பதினொரு விநாடியில் யாரோ உள்ளே உட்கார்ந்து, நான் எதைத் தொடுகிறேன் என்று குறித்துக்கொள்வது போல் இருக்கிறது. மனுவை அழித்துவிடலாம். அழித்தால் அழித்த தடயம் இருக்குமாம், எங்கோ படித்தேன். தொடாமல் வைத்திருக்கிறேன்.

நான்கு பக்கம். தீபாவளி லீவில் தட்டச்சு செய்தது. அனுப்புநர்: 'பாதிக்கப்பட்ட பெற்றோர்.' தபால் முத்திரையில் ஊர் தெரியக் கூடாதென்று செஞ்சி போய் பஸ் மாறி அனந்தபுரத்தில் பெட்டியில் போட்டேன். வீட்டில் யாரும் எட்டிப் பார்க்காத இடமாக, 'காலாண்டுத் தேர்வு மார்க்' ஃபோல்டருக்குள் ஃபைல். மார்க்கை யார் பார்க்கப் போகிறார்கள்.

சுந்தரமூர்த்தி பணிமூப்புப் பட்டியலைத் திருத்தியது பற்றி எழுதியதெல்லாம் உண்மை. ஒரு வரி மட்டும் அப்படி இல்லை. சனிக்கிழமைகளில் தலைமை ஆசிரியரும் கணினி ஆசிரியை மலர்விழியும் லேப் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டும்வரை இருக்கிறார்கள் என்ற வரி. பெண் பெயர் இல்லாத மொட்டை மனுவைக் கல்வி ஆபீஸில் மடிப்புக்கூடப் பிரிக்க மாட்டார்கள். இத்தனை வருடத்தில் என் கண்ணில் பட்ட மனு எல்லாவற்றிலும் ஒரு பெண் பெயர் இருந்தது. நானும் போட்டேன். அவள் மீது எனக்கு ஒன்றும் இல்லை.

இன்று அவளே வந்தாள். "லேப்டாப் மெதுவா இருக்குன்னு ஏழுமலைகிட்ட சொன்னீங்களாமே சார். குடுங்க, பாக்கறேன்."

வேண்டாம்மா என்றேன். பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். அதை அவள் பார்த்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருக்கிறது.

ஆசிரியர் அறையில் காதில் விழுந்தது: "மனு விஷயம் காதுல விழுந்து, மலர்விழி வீட்டுக்காரரு நேத்து ஸ்கூல் கேட்டாண்ட வந்து நின்னுக்கினு இருந்தாராம். எத்தினி மணிக்கு வெளிய வர்றான்னு பாக்கறதுக்கு." அவள் உள்ளே வந்ததும் பேச்சு மழைக்கு மாறியது.

மாத்திரை போட மறந்துவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

மதியத்துக்கு மேல் லீவு. தூறல். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு திண்டிவனம் பாஷா பாய் கடை. என் வயது. பழைய பழக்கம். வேறு யாரிடமும் கொடுக்கத் துணிவில்லை.

"இன்னா சார், பேய் அறைஞ்ச மாதிரி வர்றீங்க?"

அவர் விளக்கியது: நாம் ஏற்றும் ஒவ்வொரு சாஃப்ட்வேரும் அந்த மெனுவில் தனக்கென்று ஒரு வரி போட்டுக்கொள்கிறது. கிளிக் செய்ததும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் மெனு திறக்கும். ஒன்று பதில் சொல்லவில்லை என்றால் மொத்தமும் காத்திருக்கும். ஒருவர் வராததால் ஆரம்பிக்காத ஆசிரியர் கூட்டம் மாதிரி.

பாதி வரிகளை அணைத்தார். கிளிக். பதினொன்று. மீதியில் பாதி. அதே பதினொன்று. கடைசியில் ஒன்றுதான் மிச்சம். அதை அணைத்ததும் மெனு சட்டென்று வந்து நின்றது. சிரிக்கக்கூடச் செய்தேன்.

"இதான் சார் பேஜாரு. உங்க ஸ்கூல் ஷேர் ஃபோல்டர். கிளிக் பண்ணா நெட்டுல போய், யார் யாருக்கு இது தெரியும்னு கேட்டுக்கினு வருது."

எந்த ஃபோல்டர் என்றேன்.

"மார்க்குன்னு போட்டிருக்கு பாருங்க. காலாண்டு."

செப்டம்பரில் மார்க் ஏற்றுவதற்காக மலர்விழி என் லேப்டாப்பில் ஏதோ செய்து கொடுத்தாள். மார்க் மட்டும் போகும் என்று நினைத்திருந்தேன். அதற்குள் எதைப் போட்டாலும் போகுமாம்.

கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பாய் தண்ணீர் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, மனைவி மாவரைக்கப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த ஃபோல்டரில் யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்ற பட்டியலைப் பார்த்தேன். மனுவைத் திறந்து பார்த்தவர்: ஒருவர். மலர்விழி. அக்டோபர் 22. 23. 24. பிறகு தினமும். சுற்றறிக்கை வந்த திங்கள் வரை.

நான் தபாலில் போட்டது 25.

நோட்டைப் பின்னால் புரட்டினேன். 24-ம் தேதி என் கையெழுத்திலேயே இருக்கிறது: 'வராந்தாவில் மலர், தன் மேல் எனக்கு ஏதாவது கோபமா என்று கேட்டாள். இல்லையே என்றேன். என்னவோ உளறுகிறாள். பாகற்காய் வாங்க வேண்டும்.'

 நாளை போகாமல் இருந்துவிடலாமா. போகாவிட்டால் அதுவே காட்டிக்கொடுக்கும்.

நவம்பர் 13, வியாழன்

மழை விட்டுவிட்டது. ஆசிரியர் அறை. 10.20. அதிகாரியின் ஜீப் வந்தாயிற்று. மற்றவர்கள் வகுப்பில்.

மலர்விழி வந்தாள். லேப்டாப் சரியாகிவிட்டதா என்று கேட்டாள். தலையாட்டினேன்.

"நேத்து சாயங்காலம் நீங்க லிஸ்ட்ட பாத்திருப்பீங்க சார். ஃபோல்டர்ல நீங்க வந்தது எனக்கும் காட்டுச்சு."

 ஏன் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"அனுப்பறதுக்கு முன்னாடி அந்த ஒரு வரிய நீங்களே எடுத்துடுவீங்கன்னு நெனைச்சேன் சார். அதான் தெனம் தெறந்து பாத்தேன்."

அழவில்லை. குரலை உயர்த்தவில்லை. மேஜை மீது ஒரு வெள்ளைத் தாள் வைத்தாள்.

"ஹெச்செம்மைப் பத்தி எழுதினது உங்க ரெண்டு பேர் சமாச்சாரம், அதுல நான் வரல. அந்த வரி பொய்னு எழுதிக் குடுங்க. உங்க பேர்ல. இல்லன்னா லிஸ்ட்ட நான் அதிகாரிகிட்ட கொண்டுபோயி காட்டவேண்டி வரும். எனக்கு வீட்டுக்குப் போவணும் சார்."

ஓய்வுக்கு ஆறு வருடம். சஸ்பெண்ட் நிச்சயம். சுந்தரமூர்த்தி அந்தத் தாளைப் படிக்கும் முகம். இன்று மாலை மனைவியிடம் என்ன சொல்வது. 

10.40. மலர்விழி வாசலில், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

தாளில் அனுப்புநர் என்று எழுதிவிட்டேன். கீழே இரண்டு எழுத்து எழுதியிருக்கிறேன். என் பெயருக்கு இன்னும் நான்கு வேண்டும்.