முகவரியில் பொய் சொன்னது நான். என் தம்பியின் சிகிச்சையை நிறுத்த வேண்டாம்

அனுப்புநர்:
வெர்னெட்டா ப்ரூட் (வயது 71),
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
ட்ரூஸ்டெல் தெரு, டெட்ராய்ட், மிச்சிகன்.
(இதுவே என் உண்மையான முகவரி.)

பெறுநர்:
தலைமை அதிகாரி,
நுகர்வோர் குறைதீர் பிரிவு,
மாநிலக் காப்பீட்டுத் துறை,
லான்சிங், மிச்சிகன்.

பொருள்: வாகனக் காப்பீட்டில் நான் தவறான முகவரி கொடுத்ததற்காக, அதுபற்றி எதுவும் அறியாத என் தம்பி லூசியஸ் ப்ரூட்டின் தலைக்காயச் சிகிச்சை பிப்ரவரி 28 அன்று நிறுத்தப்பட இருப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. டெட்ராய்ட் பள்ளியொன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் எட்டாம் வகுப்புக்குக் கணிதம் நடத்தியவள் நான். சதவீதப் பாடம் வரும்போதெல்லாம் வாகன இன்சூரன்ஸ் பில் ஒன்றைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். இந்த ஊரில் அதைவிடப் பெரிய சதவீதக் கணக்கு வேறு எதுவும் கிடைக்காது. ஒரு வருடம் ஜெரூஷா என்ற மாணவி எழுந்து நின்று கேட்டாள்: "மிஸ், வண்டிய யாரு ஓட்டுறாங்க, எப்படி ஓட்டுறாங்கன்னு கேட்டா நியாயம். அது எங்க நிக்குதுன்னு எதுக்குக் கேக்குறாங்க? நிக்கிற வண்டி போய் யாரை இடிக்கப் போகுது?" வகுப்பே சிரித்தது. திருட்டும் விபத்தும் மருத்துவச் செலவும் அதிகம் நடக்கும் பகுதியில், அந்தச் செலவை அங்கே இருப்பவர்கள் எல்லோர் தலையிலும் பங்கிடுகிறார்கள் என்று விளக்கினேன். அவள் உட்கார்ந்தாள், ஆனால் ஒப்புக்கொண்ட முகமாக இல்லை.

2. ஓய்வு பெற்ற பின் எங்கள் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், மாதம் ஒரு சனிக்கிழமை, அக்கம்பக்கத்தாருக்குப் பாலிசி படிக்கக் கற்றுக்கொடுத்தேன். "முதல் பக்கத்தை மட்டும் கொண்டு வாருங்கள்" என்பேன். அடுத்தவருக்கு நாம் செய்யும் தீங்குக்கு ஒரு வரி, நம் வண்டிக்கு ஒரு வரி, நம் உடம்புக்கு ஒரு வரி. மூன்றும் ஒன்றுதான், இன்சூரன்ஸ் இருந்தால் எல்லாம் கிடைக்கும் என்று நினைப்பவர்களே அதிகம். கார்க் கண்ணாடி உடைந்தால் மாற்றித் தர வேண்டும் என்று ஒருவர் குறித்திருப்பார்; முதுகெலும்பு உடைந்தால் ஆகும் செலவுக்கோ ஆகக் குறைந்த கட்டத்தில் குறித்திருப்பார். மாதம் சில டாலர் மிச்சம் என்பதால். இந்த மாநிலத்தில் இடித்தவர் யாராக இருந்தாலும் நம் சிகிச்சைக்குப் பணம் தர வேண்டியது நம் பாலிசிதான் என்பதை அவர்களுக்குப் புரியவைக்கவே எனக்கு இரண்டு சனிக்கிழமைகள் ஆகும்.

3. இவ்வளவும் தெரிந்தவள்தான் கீழ்க்கண்ட தவறைச் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் இன்னொரு பொய் ஆகும்.

4. 2020 கோடையில் மருத்துவ வரம்பைத் தேர்ந்தெடுக்கும் படிவம் எனக்கும் வந்தது. எனக்கு முதியோர் மருத்துவக் காப்பீடு உண்டு. அதற்கான வயதை இன்னும் எட்டாத என் தம்பி லூசியஸுக்கு அது கிடையாது. மாநகரப் பேருந்தை இருபத்தொன்பது ஆண்டுகள் ஓட்டியவன். மனைவி இறந்த பிறகு என் வீட்டில், என் பாலிசியின் நிழலில் இருப்பவன். அவனுக்காகவே 'வரம்பில்லை' என்ற கட்டத்தில் குறித்தேன். என் தெருவின் முகவரிக்கு அவர்கள் சொன்ன தொகை மாதம் 430 டாலர். கூரை மாற்றிய கடனை ஒரு வருடம் தாமதமாகக் கட்டியதில் என் கடன் மதிப்பெண் இறங்கியிருந்தது. அதுவும் அந்தத் தொகையில் சேர்ந்திருந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகளில் ஒருவரையும் நான் இடித்ததில்லை என்பது அதை எவ்வளவு குறைத்ததென்று எனக்குத் தெரியவில்லை.

5. இரண்டரை லட்சம் டாலர் வரம்பு போதும் என்றால் என் முகவரிக்கே 235 தான். டெட்ராய்ட்டின் எல்லையான எட்டாம் மைல் சாலைக்கு அந்தப் பக்கம், ஸவுத்ஃபீல்டில் என் பெரியப்பா மகள் டெல்ஃபீன் இருக்கிறாள். அவள் முகவரியைப் போட்டுப் பார்த்தேன். வரம்பில்லாத அதே பாலிசி 240. ஐந்து டாலர் வித்தியாசத்தில் எனக்கு இரண்டு வழிகள் இருந்தன: உண்மை சொல்லிவிட்டு அரைகுறைப் பாதுகாப்பு, அல்லது பொய் சொல்லி முழுப் பாதுகாப்பு. டெல்ஃபீனிடம் கேட்டேன். "பேப்பர்தானே, போட்டுக்கோ. உன் ஓட்டை வண்டியோட ஆயில் மட்டும் என் வாசல்ல சொட்டக் கூடாது" என்றாள். போட்டேன்.

6. லூசியஸிடம் இதைச் சொல்லவில்லை. அவன் ஒத்துக்கொள்ள மாட்டான் என்று தெரியும். ஒருநாள் காலை ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு அவனே சொன்னான்: "நம்ம தெருவுல நிக்கிற வண்டியில பாதி, பேப்பர்ல ஸவுத்ஃபீல்டுல தூங்குதாம் அக்கா. அந்த ஊர்க்காரங்க பாவம், நடந்து போகக்கூட இடம் இருக்காது." நானும் சேர்ந்து சிரித்தேன். நம் வண்டியும் அதில் ஒன்று என்று சொல்ல வாய் வரவில்லை. அவனுக்குத் தெரியாது என்பதற்கு என்னிடம் இருக்கும் ஆதாரம் அவனுடைய அந்தச் சிரிப்பு மட்டுமே. அது எந்தக் காகிதத்திலும் பதிவாகவில்லை என்பதை எண்ணும்போது பயமாக இருக்கிறது.

7. கடந்த நவம்பர் 19, சனிக்கிழமை முற்பகல், நன்றி நாள் விருந்துக்கு வான்கோழி வாங்க நானும் லூசியஸும் புறப்பட்டோம். நான்தான் ஓட்டினேன். சந்திப்பில் பச்சை விளக்கு விழுந்தது. நான் எப்போதும்போல் இருபுறமும் பார்த்துக்கொண்டிருந்தேன். "பச்சை விழுந்து ரெண்டு செகண்டு ஆச்சு டீச்சர். பரீட்சை முடிஞ்சுது, பேப்பரைக் குடுங்க" என்று கிண்டல் செய்தான். வண்டியை எடுத்தேன். சிவப்பு விளக்கை மதிக்காத சரக்கு வண்டியொன்று வலப்பக்கம் மோதியது. வலப்பக்கம் இருந்தவன் அவன்.

8. மண்டையைத் திறந்து இரத்தக் கட்டியை எடுத்தார்கள். பதினாறு நாள் கண் திறக்கவில்லை. டிசம்பர் நடுவில் தலைக்காய மறுவாழ்வு இல்லத்துக்கு மாற்றினார்கள். இப்போது இரு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஆறு அடி வைக்கிறான். கூழாக்கிய சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் புரையேறாமல் விழுங்குகிறான். இனி வரும் மூன்று நான்கு மாதங்களில் மீள்வதே பெரும்பாலும் நிலைக்கும். இப்போது விட்டால் பிறகு எவ்வளவு வருமென்று சொல்ல முடியாது என்று பயிற்சி தருபவர்கள் சொல்கிறார்கள்.

9. டிசம்பர் 20 அன்று காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கிளெய்ம் பிரிவு இளைஞர் ஒருவர் அழைத்தார். மரியாதையானவர், தம்பி எப்படி இருக்கிறார் என்றுதான் முதலில் கேட்டார். நானும் உருகிப்போய்ப் பேசினேன். "கடைசியா ஒரே ஒரு கேள்விம்மா. வண்டி வழக்கமா ராத்திரியில எங்க நிக்கும்?" என்றார். "வீட்டு முன்னாடிதான்பா. சமையல்கட்டு ஜன்னல்லேருந்து பாத்தா தெரியும்" என்றேன். "எந்த வீடும்மா?" "எங்க வீடுதான், ட்ரூஸ்டெல் தெரு." அதன் பிறகு சிறிது நேரம் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. "சரிங்கம்மா, தம்பி நல்லாயிடுவாரு" என்று சொல்லி வைத்துவிட்டார். போனை வைத்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு உறைத்தது.

10. ஜனவரி 23 அன்று நிறுவனத்திடமிருந்து பதிவுத் தபால் வந்தது. முக்கியமான விவரத்தைத் தவறாகத் தந்ததால் என் பாலிசி தொடங்கிய நாளிலிருந்தே செல்லாது. பிப்ரவரி 28க்குப் பின் எந்தச் சிகிச்சைக்கும் பணம் தரப்படாது. கூடவே, நான் முப்பது மாதங்கள் கட்டிய பிரீமியம் முழுவதற்கும் ஒரு காசோலை. சட்ட உதவி மையத்து வழக்கறிஞர் அதைப் பார்த்ததும், "டீச்சர், வேற என்ன வேணா பண்ணுங்க, இந்தச் செக்கை மட்டும் பேங்க்ல போட்டுடாதீங்க. போட்டா நீங்களே ஒத்துக்கிட்டதா சொல்லுவாங்க" என்றார். அன்றிலிருந்து அது உறையோடு மேசை இழுப்பறையில் இருக்கிறது. அந்த இழுப்பறையைத் திறக்கவும் எனக்குத் துணிவில்லை. என் மூக்குக்கண்ணாடியும் அதனுள்தான் மாட்டிக்கொண்டது. பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

11. ஏமாற்றியவருக்கும் அதை அறியாமல் காயப்பட்டவருக்கும் நீதிமன்றம் வேறுபாடு பார்க்கும், லூசியஸின் பக்கம் நியாயம் உண்டு என்று வழக்கறிஞர் சொல்கிறார். ஆனால் வழக்கு முடியப் பல மாதங்கள் ஆகுமாம். பிப்ரவரி 28க்கு இன்னும் இருபது நாட்களே உள்ளன. இல்லத்தின் மேலாளர் அம்மையார் என்னைத் தனியே அழைத்து, "அவரை நாங்க தெருவுல விட மாட்டோம்மா. ஆனா மார்ச் ஒண்ணாந்தேதி அந்தப் படுக்கைக்கு யாரு கையெழுத்துப் போடுவா, நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் மீது குறையில்லை. பயிற்சி எதுவும் இல்லாத ஒரு முதியோர் காப்பகத்தில் இடம் பார்க்கச் சொல்கிறார்கள். இல்லையேல் என் வீடு. என் வீட்டில் குளியலறை மாடியில், பதினான்கு படிகள். லூசியஸின் எடை தொண்ணூறு கிலோவுக்கு மேல். என்னால் முடியுமா என்று பார்க்க, அவன் படுக்கையின் மெத்தையைச் சுருட்டிக் கட்டி, படியில் ஏற்றிப் பார்த்தேன். மூன்றாம் படியில் அது என் கையை விட்டு உருண்டது. கீழே கிடந்த அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

12. இந்த மனுவை அனுப்பவும் பயப்படுகிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நிறுவனத்தின் கடிதத்தில் 'மோசடி' என்ற சொல் இருக்கிறது. முப்பத்து நான்கு ஆண்டுகள் பார்த்து எழுதாதே என்று பிள்ளைகளிடம் சொன்னவளுக்கு அந்தச் சொல்லை எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை. வழக்குப் போடுவார்களா, ஓய்வூதியத்தில் கை வைப்பார்களா என்று வழக்கறிஞரிடம் கேட்கவும் கூசுகிறது. "என்னையும் உள்ள தள்ளிடுவாங்களா வெர்னெட்டா?" என்று ஒருமுறை கேட்ட டெல்ஃபீன், அதன் பிறகு என் போனை எடுப்பதில்லை. அவள் மீதும் குறையில்லை. தபால்காரரின் காலடி வாசலில் கேட்டால் நான் சமையல்கட்டுக்குப் போய் நின்றுகொள்கிறேன். சனிக்கிழமை வகுப்பையும் நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றேன். கேட்டவர்களில் எத்தனை பேர் என்னைப் போலவே பயந்துகொண்டிருக்கிறார்களோ தெரியாது.

13. ஆகவே தங்களிடம் நான் கேட்டுக்கொள்வன:

அ) இந்த வழக்கில் முடிவு வரும்வரை, என் தம்பியின் சிகிச்சைச் செலவை நிறுத்தாதிருக்கும்படி நிறுவனத்துக்குத் தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டு உத்தரவோ, அது இயலாவிட்டால் எழுத்து மூலமான பரிந்துரையோ தர வேண்டும். பிப்ரவரி 28க்குப் பின் வரும் எந்த உதவியும் அவனுக்குப் பயன்படாது.

ஆ) என் குற்றத்தை அவனிடமிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். முகவரி எழுதியது என் கை. உண்மையான முகவரிக்குக் கட்டியிருக்க வேண்டிய தொகைக்கும் நான் கட்டியதற்கும் உள்ள வித்தியாசம், மாதம் 190 வீதம் முப்பது மாதங்களுக்கு, 5,700 டாலர். அதை வட்டியோடு கட்ட ஒப்புக்கொள்கிறேன். மேற்கொண்டு தண்டனை உண்டென்றால் அது என் பெயரில் வரட்டும்.

இ) விண்ணப்பத்தில் முகவரி கேட்கும் இடத்திலேயே, அது தவறானால் வீட்டில் யாருடைய சிகிச்சை நின்றுபோகலாம் என்பதைப் பெரிய எழுத்தில், எளிய சொற்களில் அச்சிடும்படி நிறுவனங்களுக்குச் சொல்ல வேண்டும். தண்டனை உண்டு என்ற வரி அதில் இருந்தது. அதைப் படித்தேன், துணிந்தேன். லூசியஸின் பெயர் அங்கே இருந்திருந்தால் துணிந்திருக்க மாட்டேன்.

ஈ) என் தெருவில் வேறு யார் இப்படிச் செய்தார்கள் என்று என்னிடம் கேட்க வேண்டாம். கேட்டால் பதில் சொல்ல என்னால் இயலாது. தங்களிடம் இன்னொரு பொய் சொல்லும் நிலைக்கு என்னை ஆளாக்காதிருக்கும்படி வேண்டுகிறேன்.

14. இணைப்புகள்: நிறுவனத்தின் கடித நகல், பாலிசியின் முதல் பக்கம், மருத்துவ அறிக்கைகள், என் கையெழுத்திட்ட வாக்குமூலம். இவை எல்லாம் சேர்ந்து அறுபத்திரண்டு பக்கங்கள். அத்தனையும் படிக்கத் தங்களுக்கு நேரம் இருக்காது. அதனால் ஒன்று மட்டும் செய்யவும். மறுவாழ்வு இல்லத்தின் தொலைபேசி எண்ணை இந்தத் தாளின் பின்புறம் எழுதியிருக்கிறேன். அடுத்த வாரம் ஏதாவது ஒரு வேலை நாளில், காலை பத்து மணிக்கு அழைத்து, லூசியஸ் ப்ரூட்டிடம் கொடுக்கச் சொல்லி, அவன் பெயரை அவனிடமே கேட்கவும். முதல் எழுத்து வருவதற்கே நேரமாகும். இடையில் மூச்சு மட்டும்தான் கேட்கும். அவன் சொல்லி முடிக்கும்வரை தயவுசெய்து போனை வைத்துவிடாதீர்கள்.

இடம்: டெட்ராய்ட்
நாள்: பிப்ரவரி 8, 2023

இப்படிக்கு,
(கையொப்பம்)
வெர்னெட்டா ப்ரூட்