டென்மார்க்காரர் பாட்டிலில் எழுதியது

இன்று காலை அந்த நீலப் பாட்டிலின் மூடியைத் திறந்தேன். நீங்கள் போன பிறகு யாரும் வாய் வைக்காத பாட்டில். எலுமிச்சையும் உப்பும் கலந்த வாசனை இன்னும் போகவில்லை. நான் கழுவி வைத்த பாத்திரத்தில் வாசனை நின்றால் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அதை மூக்கருகே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மேஜைமேல், நேற்று டென்மார்க்கிலிருந்து வந்த உறைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அந்த உறையை நான் இன்னும் பிரிக்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்த எல்லாத் தபாலையும், உங்கள் பெயருக்கு வந்ததையும் சேர்த்து, பிரித்துப் பார்ப்பவள் நான்தான். "தலைமையாசிரியைக்குத் தெரியாம ஒரு காயிதம் உள்ள வர முடியாது" என்று கேலி செய்வீர்கள். ஆனால் இதைப் பிரிக்குமுன் உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பாட்டில் வந்த அன்று நான் உங்களிடம் பொய் சொன்னேன்.

அந்த டென்மார்க்குச் சைக்கிள் வீரர் கைப்பேசி வழியாக நம் வீட்டுக்குள் வந்தது நீங்கள் நில அளவை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற வருடம். வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் நிலத்துக்கு வரைபடம் போட்டவர், ஐரோப்பாவின் சாலைகளைக் கிராஃப் தாளில் வரைய ஆரம்பித்தீர்கள். எங்கே ஏற்றம், எங்கே இறக்கம், காற்று எந்தப் பக்கம். சாயங்காலக் காபி ஆறிக் கிடக்கும். நீங்கள் கைப்பேசியில் சைக்கிள் பந்தயம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

"உங்க டென்மார்க்காரர் ஜெயிச்சாரா?"

"இல்ல. எண்பத்தேழாவது."

"என் பள்ளிக்கூடத்துல எண்பத்தேழாவது ரேங்க் வாங்கினா அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லுவேன்."

"அதுக்குத்தான் உங்கிட்டப் படிக்காமத் தப்பிச்சேன், டீச்சரம்மா."

எனக்கு அது விளங்கவே இல்லை. உலகத்தில் எத்தனையோ வீரர்கள் இருக்க, ஜெயிக்காத ஒருவரை எதற்காகப் பார்க்க வேண்டும்? ஒருமுறை கேட்டேன். "ஜெயிச்சவன் அவரு முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுல்ல வந்தான்? காலையில இருந்து காத்த முறிச்சது இவரு. ஜெயிச்சவன் போட்டோவ பேப்பர்ல போட்டுருவான். இவரை யாரு பார்ப்பா, நான் பார்க்கலைன்னா?" என்றீர்கள். அதன் பிறகு ஆடி மாதக் காற்றில் கோச்சடையிலிருந்து மேலக்கால் ரோட்டில் மேற்கே மிதித்துப் போய், முகமெல்லாம் மண்ணோடு திரும்பி வந்தீர்கள். அந்த வயதில் அது தேவையா என்று கேட்டேன். மறுநாளும் எலுமிச்சை பிழிந்து, உப்புப் போட்டு, அப்போதிருந்த பாட்டிலை நிரப்பிக் கொடுத்தேன். போகாதீர்கள் என்று சொல்வதும் நிரப்பிக் கொடுப்பதும் நான்தான்.

அவருக்கு நீங்கள் கடிதம் எழுதியது எனக்குத் தெரியும். என்ன எழுதினீர்கள் என்று தெரியாது. திருத்தித் தரட்டுமா என்று கேட்டேன். "திருத்தினா அது உன் காயிதமா ஆயிரும்" என்று சொல்லிவிட்டீர்கள். எனக்குக் கோபம்தான்.

நான்கு மாதம் கழித்து ஒரு பொதி வந்தது. நீங்கள் வெளியே போயிருந்தீர்கள். வழக்கம்போலப் பிரித்தேன். உள்ளே ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டில். புதியதுகூட இல்லை, கீறல் விழுந்தது, யாரோ வாய் வைத்துக் குடித்தது. மேலே கறுப்பு மையில் இரண்டு வரி, கோழி கிண்டியது மாதிரி. தபால்காரர்கள் கிறுக்கியது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நினைக்கக்கூட இல்லை. அடுத்தவர் எச்சில் பட்ட பொருள் என் சமையலறைக்குள் வந்திருக்கிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. வெந்நீர் வைத்து, பவுடர் போட்டு, கம்பி நாரால் தேய்த்தேன். மை லேசில் போகவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். பளிச்சென்று ஆனது. கவிழ்த்து வைத்தேன்.

நீங்கள் வந்து பார்த்தீர்கள். பந்தயத்தில் அவர் கையில் இருக்கும் அதே பாட்டில் என்று உங்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. இரண்டு கையாலும் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"இதுல ஏதாச்சும் எழுதியிருந்துச்சா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"இல்லையே."

"சரி. மறந்திருப்பாரு. எம்புட்டு வேலையோ" என்று சொல்லிவிட்டு, அதில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனீர்கள்.

பொய் சொன்ன பிள்ளைகளை முப்பது வருடம் வகுப்புக்கு வெளியே நிறுத்தியவள் நான். சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது அதைச் சொல்ல எத்தனையோ முறை நினைத்தேன். ஒரு பாட்டிலுக்காகச் சாமியாரின் நேரத்தை எடுப்பதா என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உங்களிடம் சொல்ல என் கர்வம் விடவில்லை. நீங்கள் தினமும் அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்தீர்கள். நான் தினமும் நிரப்பினேன்.

நீங்கள் போன பிறகும் உங்கள் சைக்கிளைத் துருப்பிடிக்க விடவில்லை. தெருமுனை சைக்கிள் கடை செல்வத்தைக் கூப்பிட்டு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் போடச் சொல்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் வந்தவன் இந்தப் பாட்டிலைப் பார்த்துச் சிரித்தான்.

"அம்மா, அண்ணன் இத வச்சு எங்களச் சிரிக்க வச்சது கொஞ்சமா நஞ்சமா?"

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"'டென்மார்க்குல இருந்து எழுதி அனுப்புனாரு செல்வம், எங்க டீச்சரம்மாவுக்குக் கையெழுத்துப் புடிக்கல, அழிச்சுப்புட்டா'ன்னு சொல்லுவாரு. இங்க பாருங்க, இந்தப் பள்ளத்துல இன்னும் இம்புட்டு மை ஒட்டியிருக்கு. இதக் காட்டித்தான் சொல்லுவாரு."

பாட்டிலின் இடுப்பில், சைக்கிளின் பாட்டில் தாங்கியில் பொருந்துவதற்காக ஒரு பள்ளம் இருக்கிறதே, அங்கே நகக்கண் அளவுக்கு ஒரு வளைந்த கறுப்புக் கோடு. நான் தேய்த்ததில் தப்பியது. வந்த அன்றே அதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். "இல்லையே" என்று நான் சொல்லும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான்கு வருடம் தெரிந்துகொண்டே என்னிடம் பாட்டிலை வாங்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்வி. அந்த இரண்டு வரியில் என்ன இருந்தது?

அவரையே கேட்பது என்று முடிவு செய்தேன். ஆள் யார் என்று தெரியாமல் கடிதம் எழுதுவது எனக்கு வழக்கமில்லை. உங்கள் கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டு, என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உங்கள் கைப்பேசியில் அவரைப் படித்தேன். மேற்குக் கடலோரத்தில் காற்று ஓயாத ஒரு சிறிய ஊர். தகப்பனார் மீன் சந்தையில் வேலை. பள்ளிக்குப் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போதும் எப்படியோ எதிர்க்காற்றுதான் என்று ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். தச்சு வேலை பழகியவர். இருபத்திரண்டு வயதில் ஒரு பெரிய அணியில் சேர்த்துக்கொண்டார்கள். ஜெயிப்பதற்காக அல்ல. தலைவனுக்கு முன்னால் காற்றைத் தடுக்க, பின்னால் வரும் காருக்குப் போய் ஏழெட்டுப் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுக்க. இரண்டு முறை தோள்பட்டையின் காறை எலும்பு உடைந்திருக்கிறது. ஒரே ஒரு முறை, மழையில் தலைவன் விழுந்த நாளில், "நீ போ" என்று அனுப்ப, போய் ஜெயித்திருக்கிறார். நீங்கள் அல்வா வாங்கிக்கொண்டு வந்து, யாருக்குக் கல்யாணம் என்று நான் கேட்டேனே, அது அன்றுதான்.

நீங்கள் பார்க்காத ஒன்றையும் பார்த்தேன். அவருடைய கடைசிப் பந்தயம். அது அவர் சொந்த ஊர் வழியாகப் போனது. மற்ற எல்லோரும் வேகத்தைக் குறைத்து அவரைத் தனியாக முன்னே விட்டார்கள். அவர் போய், சைக்கிளை நிறுத்தி, ஓரத்தில் நின்ற தன் தாயாருக்கு முத்தம் கொடுத்தார். கூட்டம் வந்து சேர்ந்ததும் ஏறி, மறுபடி பாட்டில் வாங்கக் கார் பக்கம் போய்விட்டார். எத்தனையாவதாக வந்தார் என்று நான் பார்க்கவில்லை. பார்க்க மறந்துவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.

உங்கள் டைரியில் இருந்த முகவரிக்கு ஒரு பக்கம் எழுதினேன். நான் செய்ததை மறைக்காமல் எழுதினேன். ஒருமுறைகூடத் திருத்தாமல் அனுப்பினேன்.

இப்போது உறையைப் பிரித்துவிட்டேன்.

இப்போது மறுபடி தச்சு வேலை செய்கிறாராம். கதவு, ஜன்னல். கையெழுத்து இன்னும் கோழி கிண்டியதுதான், ஆனால் பொறுமையாகப் பார்த்தால் படிக்க முடிகிறது. அவர் எழுதியிருப்பதை அப்படியே தமிழில் சொல்கிறேன்:

"உங்கள் கணவரை நன்றாக நினைவிருக்கிறது. எல்லோரும் தங்கள் பெயரை எழுதித் தரச் சொல்வார்கள். அவர் தன் பெயர் வேண்டாம், தினமும் தன் பாட்டிலை நிரப்பித் தருகிறவரின் பெயரை எழுதுங்கள் என்று கேட்டார். நானும் பாட்டில் சுமப்பவன் என்பதால் அதை மறக்கவில்லை. ஒரு வரி உங்கள் பெயர். அடுத்த வரியில் நன்றி என்று எழுதினேன்."

என் பெயரை நானே மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்திருக்கிறேன். அது தெரிந்தும், "மறந்திருப்பாரு" என்று பழியை டென்மார்க்காரர்மேல் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். உங்களுக்கு அவ்வளவு குறும்பா, அவ்வளவு பொறுமையா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தாலும் சிரித்திருப்பீர்கள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பள்ளத்தைப் பார்த்தேன். என் பெயரின் கடைசி எழுத்து ஆங்கிலத்தில் கீழே வளைந்து முடியும். மிஞ்சியிருப்பது அந்த வால்.

இன்று சாயங்காலம் எலுமிச்சை பிழிந்தேன், உப்புப் போட்டேன், பாட்டிலை எடுத்துக்கொண்டு மேலக்கால் ரோட்டில் காற்றுக்கு எதிராகக் கொஞ்ச தூரம் நடந்தேன். திரும்பி வந்து கழுவி வைத்தேன். வெந்நீர், பவுடர், எல்லாம் வழக்கம்போல. அந்தப் பள்ளத்தை மட்டும் கட்டைவிரலால் மூடிக்கொண்டு.