லாச்சியில் இருந்த பிளேடு

இன்று காலை ஆய்வுகூடத்தில், மெழுகு உருகும் வாடைக்கு நடுவே, எங்கள் டாக்டரம்மா தன் போனை என்னிடம் நீட்டினார். உன் ஆய்வுக் கட்டுரை வெளிவந்துவிட்டது. பெருங்குடல் புற்றுநோயில், செல்லைப் பெருகச் சொல்லும் புரதங்களும் தடுத்து நிறுத்தும் புரதங்களும் எப்படித் தடம் மாறுகின்றன என்பது பற்றியது. முதல் பெயர் உன்னுடையது. பக்கத்தில் சின்னச் சிலுவை போல ஒரு குறி. நீ இப்போது இல்லை என்பதற்கு அடையாளமாம். அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது பொறாமைதான். செத்துப்போயும் எனக்கு முன்னால் நிற்கிறாயே என்று.

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தோம். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். உயர்தரப் பரீட்சைக்கு ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்தோம். நீ பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டாய். நான் ஆய்வுகூடப் பயிற்சிக்குப் போய், பதுளை ஆஸ்பத்திரியில் வேலைக்கு வந்தேன். என் முதல் சம்பளத்தில் வாங்கிய சேலையைக் கட்டிக்கொண்டு அம்மா உன் வீட்டுக்குத்தான் போனாள், உன் பட்டமளிப்புப் படத்தைப் பார்க்க. திரும்பி வந்து அந்தப் படத்தைப் பற்றியே பேசினாள். சேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிறகு நீ ஆய்வுக்காக எங்கள் இடத்துக்கே வந்தாய். ஆபரேஷனில் வெட்டி எடுத்த குடல் துண்டுகளை மெழுகில் பதித்து வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தோம். அவற்றை முடியை விட மெல்லியதாகச் சீவிக் கண்ணாடியில் ஏற்றித் தருவது என் வேலை. கொழும்பில் நீ சாயம் ஏற்றினால், தேடுகிற புரதம் இருக்கும் இடம் பழுப்பாகும். அந்தப் புரதம் அப்படி என்னதான் செய்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"காலையில பெரட்டுக் களத்துல பேர் கூப்பிட்டு அனுப்பாம யாரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக முடியாதுல்ல? செல்லும் அப்படித்தான். சைக்ளின் 'போ'ன்னு சொல்லும். பி-21னு ஒண்ணு 'நில்லு'ங்கும். இந்த நோயில நிறுத்துற ஆளக் காணோம். எல்லாம் ஒரேயடியா மலை ஏறுது."

பதினொரு வருஷம் அந்தத் துண்டுகளைத் தொட்டவள் நான். அந்த உவமை எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்? சிரித்து வைத்தேன். உள்ளே எரிந்தது.

கடைசித் தொகுதிக்காக நீ வந்தபோது, சீவுகிற இயந்திரத்துக்கு பிளேடு தீர்ந்துவிட்டது, கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றேன். பொய். என் மேசை லாச்சியில் ஒரு பெட்டி நிறைய இருந்தது. உன்னைக் கொஞ்சம் காக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சம் ஐந்து வாரம் ஆனது. வாரா வாரம் பஸ்ஸேறி வந்து கேட்டுவிட்டுப் போனாய். ஒரு தடவை பிளேன்டீ குடித்துக்கொண்டே, வெளிக்குப் போகும்போது ரத்தம் வருகிறது, மூலமாகத்தான் இருக்கும், இந்த வேலை முடிந்ததும் டாக்டரிடம் காட்டுகிறேன் என்றாய். உடனே காட்டு என்றேன். மனசாரத்தான் சொன்னேன். ஆனால் ஐந்தாவது வாரம்வரை லாச்சியைத் திறக்கவில்லை.

சில மாதம் கழித்து உன் குடலின் துண்டே என் மேசைக்கு வந்தது. பெயரைப் பார்த்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை. அவ்வளவு சுத்தமாக நான் அதுவரை எதையும் சீவியதில்லை.

அதற்குள் ஈரலுக்கும் பரவியிருந்தது. வார்டில் உன் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னேன்.

"பிளேடு அப்பவே இருந்துச்சு."

"தெரியும். பேனா தேடி லாச்சியத் தொறந்தப்பவே பாத்தேன்."

"ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா சீவிக் குடுத்திருப்ப. வேல முடிஞ்சிருக்கும். அப்புறம் டாக்டர்கிட்டப் போயே ஆகணும்ல. எனக்குப் பயம்டி. உள்ள என்ன இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

என் பொய்க்குள் நீ ஒளிந்துகொண்டிருந்திருக்கிறாய். அது உண்மையா, என் பாரத்தை இறக்கி வைக்கச் சொன்னதா, இன்றுவரை விளங்கவில்லை. மன்னிப்பதிலும் முந்திக்கொண்டாயே என்று அந்தக் கட்டிலருகிலேயே எனக்கு ஒரு எரிச்சல் வந்தது. அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

நீ போன பிறகு, கொஸ்லந்தையிலிருந்து கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி ரத்தப் பரிசோதனைக்கு வந்தாள். தயங்கித் தயங்கி, நீ சொன்ன அதே விஷயத்தைச் சொன்னாள். டாக்டரிடம் சொன்னாயா என்று கேட்டேன். பயமாக இருக்கிறது என்றாள். போய்க் காட்டு என்று சொல்லி அனுப்ப என்னால் முடியவில்லை. வேலையை அப்படியே போட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்து கிளினிக் வரைக்கும் நடந்தேன். அவள் பெயரைக் கூப்பிடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இப்போது அதுவே வழக்கமாகிவிட்டது. பயப்படுகிற யாரையும் தனியே அனுப்புவதில்லை.

அவளுக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகும் நாளில் சொல்லிக்கொள்ள வந்தாள். படியில் மெதுவாக இறங்கி, வெயிலில் நடந்து, பஸ்ஸுக்குப் போனாள். பார்த்துக்கொண்டே நின்றேன். பொறாமையாக இருந்தது. இந்தத் தடவை, உனக்காக.