தட்டில் கைவைக்காதவர்கள்

சஷ்டி ஐந்தாம் நாள், காலை 7.10
கடலடி அறை. ஆழம் பதினொரு மீட்டர். காற்று, வெப்பம் சரி. விருந்தினர் எழுதும் பதிவேடாம் இது; அடுத்து வருகிறவர் படிக்கட்டும். என் வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்றதற்கு இந்த முக்குளிப்புச் சுற்றுலா. நாள் பார்க்காமல் சஷ்டி வாரத்தில் டிக்கெட் போட்டிருக்கிறார். லாரி மோதி அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முருகனிடம் நேர்ந்த விரதம். மூன்றாவது, கடைசி வருடம். எனக்குத் தண்ணீர் மட்டும்.

மதியம் 1.40
அறை இயந்திரம் "விருந்தினர்: ஒருவர்" என்கிறது. காற்றும் ஒருவருக்குத்தான் விடுகிறது. இரண்டு பேருக்கு ஒரு ஆழாக்கு அரிசி போட்டால் எப்படி? தலை கனக்கிறது. கரை அலுவலகத்து ஜெபமணியைக் கூப்பிட்டேன்.
"சாப்பாடு ரத்தத்துல ஏறுனதை கைப்பட்டை சொன்னாத்தான் ஆள் கணக்குக்கா. ஆளுங்க பட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு வெளிய போயிடுறாங்கல்லா, அதுக்குத்தான்."
நாடி துடிக்கிறதே என்றேன்.
"ஈரத்துல நாடி சரியா எடுக்காது. ஒரு வாய் சாப்பிடுங்களேன்."
அந்த ஒரு வாயும் சாப்பிடாததுதான் விரதம் என்று ஜெபமணிக்கு யார் சொல்வது? மேலே போகவும் வழியில்லை. சட்டென்று ஏறினால் ரத்தத்தில் குமிழி கட்டுமாம். லிஃப்ட் நாளை மாலைதான்.

ஆறாம் நாள், காலை 8.30
இவர் ஆமை பார்க்கக் கிளம்பிவிட்டார். தான் வெளியே போனால் உள்ளே இருக்கும் காற்று முழுக்க எனக்குத்தானாம். நான் கண் மூடிச் சஷ்டி கவசம் சொல்லி முடிப்பதற்குள் இவர் தட்டு காலி. ஜன்னலில் மீன் கூட்டம், வெள்ளையாக எதையோ கொத்துகிறது.

9.25
"விருந்தினர்: எவருமில்லை." காற்று நின்றுவிட்டது. நான் யாராம்? காற்றுக்கும் கதவுக்கும் ஒரே பொத்தான்; அதை அழுத்தி அழுத்தி விரல் வலிக்கிறது. ஆளில்லாத அறையில் பொத்தான் வேலை செய்யாதாம்.

9.40
இவர் திரும்பிவிட்டார். வெளிக்கதவு திறக்கவில்லை. முகமூடி ரேடியோவில் என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்:
"தையல், திற. விளையாடாத. சிலிண்டர் முள்ளு சிவப்புக்கு வந்துட்டு."
இவர் காலையில் இட்லி சாப்பிட்டாரே, இவரை ஏன் எண்ணவில்லை? ஜெபமணியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
"அண்ணாச்சி சாப்பிடலைக்கா. கடைசி நாளாவது அவ கூட நானும் இருக்கேன், சொல்லிராதன்னாரு. இட்லியை வெளிய கொண்டுபோய் மீனுக்குப் போட்டிருப்பாரு."
மேலேயிருந்து திறக்கச் சொன்னேன். "மிஷின் விடாதுக்கா. ஆள் எறங்குறாங்க, நேரம் ஆகும். நீங்க எதையாவது சாப்பிடுங்க. ஒரு ஆள் கணக்கானா பொத்தான் எரியும்."
மூன்று வருடம், முருகா. இன்னும் ஒரு மாலைதான்.

9.44
நைவேத்தியக் கற்கண்டை வாயில் போட்டுக் கடித்தேன். இவர் உயிருக்கு வைத்த விரதத்தை இவர் உயிருக்கே முறித்தேன். நீயே கணக்குப் பார்த்துக்கொள்.

9.52
சர்க்கரை ஏற இவ்வளவு நேரமா. கண்ணாடியில் தட்டிக்கொண்டிருக்கிறார். விட்டு விட்டு.

9.57
"விருந்தினர்: ஒருவர்." பொத்தான் எரிந்தது. திறந்தேன். தட்டுவது அதற்கு முன்பே நின்றிருந்தது.

10.05
உள்ளே இழுத்துப் போட்டேன். நெஞ்சை அழுத்தினேன். ஊதினேன். இவர் கன்னத்தில் ஒரு கற்கண்டை அடக்கியிருக்கிறேன். கரைந்தால் எண்ணும். எண்ணினால் இவருக்கும் காற்று வரும்.

10.20
விருந்தினர்: ஒருவர்.

10.40
கற்கண்டு கரையவில்லை. வைத்தது வைத்தபடி இருக்கிறது. இவர் வாயில் எச்சில் ஊறவில்லை.
விருந்தினர்: ஒருவர்.
விருந்தினர்: ஒரு