இரட்டை என்று நினைத்த பொட்டலம்

மார்ச் 3, திங்கள்

காலையில் வந்து பார்த்தபோது கணினியில் இரண்டு பொட்டலங்கள் இறங்கியிருந்தன. அலுவலகத்தில் எல்லோரும் ‘பேக்கேஜ்’ என்பார்கள். எனக்குப் பொட்டலம்தான். எங்கள் வானியல் பிரிவுக்குத் தரவு அனுப்பும் தொலைநோக்கி எங்கோ ஒரு மலை உச்சியில் இருக்கிறது. நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். வெள்ளைக் கிண்ணங்கள் வானத்தைப் பார்த்தபடி நிற்கும். அவை ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து முடித்ததும் அங்கே இருப்பவர்கள் சரிபார்த்து, கட்டி, இணையம் வழியே அனுப்பிவிடுவார்கள். அவிழ்த்தால் உள்ளே மூலத் தரவு, திருத்திய தரவு, படங்கள், பதிவேடு, தர அறிக்கை. பிறகு ரீட்மீ. ‘என்னைப் படி’ என்று பெயரிலேயே கெஞ்சுகிற சின்னக் கோப்பு.

அவற்றை அடுக்குவது என் வேலை. வரும்போது நாற்பது எழுத்து நீளத்தில், வாயில் நுழையாத பெயரோடு வரும். நட்சத்திரத்தின் பெயர், கவனித்த தேதி என்று சுருக்கிவிடுவேன். நான்கு வருடமாக இங்கே யாரும் எதையும் தேடி அலைந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்கட்டும், வேறெதில் எனக்குத் தலைக்கனம்?

டாக்டரம்மா, எங்கள் பிரிவின் விஞ்ஞானி, இன்று பாடிக்கொண்டே படியேறினார். அவருடைய நட்சத்திரத்தைப் போன வருடம் ஐந்து முறை கவனித்ததில், நான்காம் முறை மட்டும் பிரகாசம் கால் பங்கு கூடியிருக்கிறது. ஏப்ரல் மாநாட்டில் அதைப் பற்றித்தான் பேசப்போகிறார்.

“பத்து லட்சம் வயசுதாம்மா அதுக்கு. கைக்குழந்தை. இப்பதான் முதல் தடவையா குரல் குடுத்திருக்கு.”

பதினோரு வருடமாக அந்தக் குரலுக்குக் காத்திருந்தவர்.

மார்ச் 6, வியாழன்

சர்வரில் நான்கு சதவீத இடம்தான் பாக்கி. கணினிப் பிரிவு ஆளைத் தேடினேன், காணோம். எப்போதாவதுதான் தென்படுவார் என்பதால் அவருக்கு ‘வால்நட்சத்திரம்’ என்று பெயர் வைத்தவளே நான்தான்.

மார்ச் 11, செவ்வாய்

வால்நட்சத்திரம் இன்று தென்பட்டார். என்னைவிட ஒரு வயது மூத்தவர், என்னை அக்கா என்பார். “அக்கா, அந்த ‘இரட்டை’ ஃபோல்டரைத் தூக்கிட்டாலே பாதி இடம் வந்துடும்” என்றார்.

சில சமயம் ஒரே பொட்டலம் இரண்டு தடவை இறங்கிவிடும். நான் சுருக்கிய பெயர் ஒன்றாக இருந்தால் இரண்டாவதைத் தூக்கி அந்த ஃபோல்டரில் போடுவது வழக்கம். அழிப்பதற்கு முன் ஒரு தடவை ஒப்பிட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். பதினொரு ஜோடி. பத்து ஜோடி அச்சு அசலாக ஒரே அளவு. கடைசி ஜோடியில் மட்டும் அளவு ஒரு துளி வேறுபட்டது. டாக்டரம்மாவின் நட்சத்திரம். நான்காம் முறை.

ஏன் வேறுபடுகிறது? ரீட்மீயைத் திறந்தேன். வந்து எட்டு மாதமாகிறது, இன்றுதான் திறக்கிறேன்.

‘இது முந்தைய பொட்டலத்துக்குப் பதிலாக அனுப்பப்படுவது. முந்தையதில் ஒப்பீட்டுப் பொருளின் பிரகாசம் தவறாக எடுத்துக்கொள்ளப்பட்டது. தயவுசெய்து அதைப் பயன்படுத்த வேண்டாம்.’

மூன்று தடவை படித்தேன். ஃபோல்டரை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

பிரகாசத்தை எப்படி அளக்கிறார்கள் என்று வால்நட்சத்திரத்திடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். காய்கறிக்கடைத் தராசுதான் அக்கா என்றார். பிரகாசம் தெரிந்த ஒரு பொருளைப் படிக்கல்லாக வைத்து நட்சத்திரத்தை நிறுக்கிறார்கள். அந்தப் படிக்கல்லும் வானத்தில் இருப்பதுதான், அது கூடும், குறையும். குறைந்துபோன கல்லை முழுக் கிலோ என்று நம்பினால் காய் கூடுதலாகத்தான் காட்டும்.

அப்படியானால் கைக்குழந்தை குரலே கொடுக்கவில்லை.

மதியம் பிரிவின் பழைய மெயில்களைத் தேடினேன். மனதுக்குள் ஒரு நப்பாசை — தொலைநோக்கிக்காரர்கள் சொல்லாமலே அனுப்பியிருக்க வேண்டும் என்று. சொல்லியிருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்டு, காரணம் விளக்கி, முழுப் பக்கத்துக்குக் கடிதம். டாக்டரம்மா அப்போது அப்பாவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு விடுப்பில் இருந்தார். எனக்கு வர்றதையெல்லாம் நீயே பார்த்துக்கோம்மா என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கடிதத்தின் கீழே பதில் ஒன்று இருந்தது. ‘பெற்றுக்கொண்டோம். நன்றி.’

நான் எழுதியது.

மார்ச் 14, வெள்ளி

டாக்டரம்மா கூட்ட அறையில் ஒத்திகை பார்த்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் ஐந்து புள்ளிகள். நான்கு புள்ளிகள் கோடு போட்டதுபோல் நேராக, ஒன்று மட்டும் எம்பி நிற்கிறது. அதைக் காட்டும்போது அவர் குரலே மாறிவிடுகிறது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

வெளியே வந்ததும் வால்நட்சத்திரம் பிடித்துக்கொண்டார். “என்னக்கா, அழிச்சாச்சா?” திங்கள்கிழமை பார்க்கிறேன் என்றேன். ஒரு சொடுக்குதான். அழித்தால் இந்தக் கட்டடத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் தொலைநோக்கிக்காரர்களிடம் சரியான பொட்டலம் இருக்கிறதே. கவனித்தவருக்கு மட்டும் என்ற ஒரு வருடக் கெடு முடிந்ததும் அதை எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். எவராவது எடுத்துப் பார்த்து டாக்டரம்மாவிடம் கேட்பார்.

அதனால்தான் சொல்லப் போகிறேனா? மாட்டிக்கொள்வோம் என்பதாலா? அப்படி இல்லையென்றால் சொல்லியிருக்க மாட்டேனா? தெரியலையே. நிஜமாவே தெரியலை.

மார்ச் 15, சனி

வீட்டில் அவரிடம் சொல்லிவிட்டேன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவருக்குப் படிக்கல், நட்சத்திரம் எல்லாம் சொல்லிப் புரியவைக்கவே அரை மணி நேரம் ஆனது. அவர் கத்தரிக்கோலால் மீசையைத் திருத்திக்கொண்டே கேட்டார்.

“சரி, தப்பு யாரோடது? அவங்க அனுப்பினதா, நீ வெச்சதா?”

“ரெண்டும்தான். ஆனா அவங்க திருத்தி அனுப்பிட்டாங்க. நான்தான் பிரிச்சுக்கூடப் பார்க்காம தூக்கிப் போட்டேன்.”

“அப்ப திங்கக்கிழமை காலையில சாப்பிட்டுட்டுப் போய்ச் சொல்லு. வெறும் வயித்தோட போனா நீ அழுதுடுவே.”

சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து நாளில் முதல் தடவை.

மார்ச் 17, திங்கள்

சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். அழவில்லை.

டாக்டரம்மா அறைக் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு ரீட்மீக்களையும் என் பதில் மெயிலையும் அச்செடுத்து மேசையில் வைத்தேன். முதல் தாளைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது எப்ப தெரியும் உனக்கு?”

“செவ்வாய்க்கிழமை, மேடம்.”

“இன்னிக்குத் திங்கள்.”

“ஆமாம் மேடம்.”

“வெள்ளிக்கிழமை நான் பேசினப்போ நீ பின்னாடி உட்கார்ந்திருந்தே.”

எட்டு மாதம் முன்னால் செய்த பிழையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த ஆறு நாளைத்தான் கேட்டார். பயந்துட்டேன் மேடம் என்றேன். அதுதான் உண்மை, அது போதாது என்றும் தெரியும்.

“அந்த ரெண்டாவது பொட்டலம் எங்க இருக்கு?” அவர் வாயிலும் பொட்டலம் என்றே வந்தது. இருக்கும் இடத்தை எழுதிக் கொடுத்தேன். “நீ போ. கதவைச் சாத்திட்டுப் போ.”

மார்ச் 18, செவ்வாய்

டாக்டரம்மா வரவில்லை.

மார்ச் 20, வியாழன்

வந்தார். சரியான பொட்டலத்தை வைத்து மறுபடி கணக்கிட்டிருக்கிறார். நான்காவது புள்ளி மற்ற நான்கோடு போய் நின்றுவிட்டது. மாநாட்டுக்காரர்களுக்கு எழுதி உரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எதையும் அவர் என்னிடம் சொல்லவில்லை, வால்நட்சத்திரம்தான் சொன்னார். மாலையில் என் மேசைப் பக்கம் வந்து நின்றவர், “இனிமே எதுக்கும் பேர் மாத்தாதே. வர்ற பேரோடவே இருக்கட்டும்” என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

மார்ச் 25, செவ்வாய்

ஒரு யோசனை. யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். இந்தச் சர்வரில் அறுபத்து மூன்று பொட்டலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் ரீட்மீயையும் படித்து, ஒன்றுக்கு ஒரு பக்கம் வீதம் நோட்டில் எழுதப்போகிறேன். எப்போது கவனித்தது, எந்தப் படிக்கல்லை வைத்து நிறுத்தது, அந்த நேரத்தில் காற்றில் ஈரம் எவ்வளவு, எந்தக் கிண்ணம் மக்கர் செய்தது, எது எதற்குப் பதிலாக வந்தது. நான்கு வருடமாகத் திறக்காத கடிதங்கள்.

முதல் ரீட்மீயில் எனக்குப் புரிந்தவை: தேதி, நன்றி, வணக்கம்.

ஏப்ரல் 4, வெள்ளி

பன்னிரண்டு முடிந்தது. புரியாத சொற்களைப் பட்டியல் போட்டு வைத்து வால்நட்சத்திரம் வரும்போது மடக்கிவிடுகிறேன். “அக்கா, உங்களுக்குப் பயந்தே இனி நான் இந்தப் பக்கம் வரமாட்டேன்” என்கிறார். ஆனால் முன்பைவிட அதிகமாக வருகிறார்.

ஏப்ரல் 9, புதன்

மாநாடு தொடங்கும் நாள். டாக்டரம்மா தன் அறையில்தான் இருந்தார். மதியம் அந்தப் பக்கம் போகவேண்டிய வேலை இருந்தும் போகவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 24, வியாழன்

முப்பத்தெட்டு. இன்று கழுவும் தொட்டியருகே டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா வந்தார். “ஏதோ நோட்டு எழுதறியாமே. கொண்டா, பார்ப்போம்.”

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில்கூட இப்படி ஓடியதில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

நோட்டு திரும்பி வந்தது. பென்சிலால் நிறையத் திருத்தங்கள். சில இடங்களில் நான் எழுதியிருப்பது சுத்த உளறல் என்று இப்போது தெரிகிறது. பதினேழாம் பக்கத்தில், காலை நேர அளவுகள் ஏன் எப்போதும் சற்றுக் குறைகின்றன என்று நான் கேள்விக்குறி போட்டிருந்தேன். பக்கத்தில் அவர் கையெழுத்து: ‘எனக்கும் தெரியவில்லை. விசாரிக்க வேண்டும்.’

அந்தப் பக்கத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

மே 13, செவ்வாய்

அறுபத்து மூன்றும் முடிந்தது. வீட்டில் அவரிடம் சொன்னேன். “சரி, இனி ராத்திரி சாப்பிடறப்பவாவது கிண்ணம் ஒம்பது, கிண்ணம் பதினொண்ணுன்னு புலம்பாம இருப்பியா?” என்றார். புலம்பமாட்டேன் என்று உறுதி கொடுக்கவில்லை.

மே 21, புதன்

டாக்டரம்மா சின்னதாக ஒரு கட்டுரை அனுப்பியிருக்கிறார். அந்த நட்சத்திரம் ஒரு வருடத்தில் மாறவே இல்லை என்பதுதான் விஷயம். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கேட்டுவிட்டேன்.

“இதுல வருத்தம் இருக்கா மேடம்?”

“இல்லாம என்ன? கூடியிருந்தா நல்லா இருந்திருக்கும்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆனா அந்த வயசுல அப்படி அசையாம இருக்கறதும் சாதாரணம் இல்லம்மா. அதுக்கும் காரணம் தேடணும்.”

என்மேல் வருத்தம் இருக்கா என்றுதான் கேட்க நினைத்தேன். அதைக் கேட்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

டாக்டரம்மாவின் நட்சத்திரத்துக்கு இன்னும் மூன்று முறை கவனிக்க அனுமதி கிடைத்திருந்தது. முதல் பொட்டலம் இன்று காலை இறங்கியது. அவர் அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போயிருக்கிறார். பதினொரு மணிக்குப் போன் வந்தது.

“வந்துடுச்சுன்னு மெயில் பார்த்தேன். படிச்சியா?”

“படிச்சேன் மேடம்.”

“என்ன சொல்லுது?”

தர அறிக்கையில் தேர்ச்சி என்றுதான் போட்டிருந்தது. ஆனால் பதிவேட்டில் ஏழாம் கிண்ணம் பாதி நேரத்துக்கு வேறு திசையில் நின்றிருக்கிறது. அதன் தரவை நீக்கியதாக ரீட்மீயில் எங்கேயும் இல்லை. சொன்னேன்.

“நீ என்ன நினைக்கிறே?”

“இதை இப்ப எடுத்துக்க வேண்டாம்னு தோணுது மேடம். அவங்களைக் கேட்டுட்டு எடுக்கலாம்.”

அந்தப் பக்கம் யாரோ தண்ணீர் கேட்பதும் அவர் எடுத்துக் கொடுப்பதும் கேட்டது.

“சரி, எடுக்க வேண்டாம். நீயே அவங்களுக்கு எழுதிடு. என்கிட்ட காட்ட வேணாம், நேரா அனுப்பு. அடியில உன் பேரைப் போடு.”

எழுதினேன். ஏழு வரிக் கடிதம், எழுத ஒரு மணி நேரம் ஆனது. கீழே என் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன்.